கூடாரத்தின் அடிவிரிப்பு: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறிந்து நீக்கும் முறை

கூடாரத்துக்கு அடியில் விரிக்கப்படும் விரிப்பின் முதல் வேலை, கல், முள், வேர், மணல் ஆகியவற்றின் உரசலிலிருந்து கூடாரத் தரையைக் காப்பதுதான். நீரைத் தடுப்பது அதன் இரண்டாவது வேலை; அதையும் சரியான அளவில், சரியான இடத்தில் விரிக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே அது செய்யும். அளவு தவறினால் அதே விரிப்பு மழைநீரைப் பிடித்து, உறங்குபவரின் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரே மழையில் விரிப்பே போடாதவர் உலர்ந்து எழுந்திருக்க, தடித்த தார்ப்பாய் போட்டவர் நனைந்து எழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே ஈரத்தைக் கண்டவுடன் இன்னும் தடித்த விரிப்பை வாங்கப் புறப்படாமல், அந்த ஈரம் எந்த வழியாக வந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஏற்ற நேரம், காலையில் கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்னுள்ள சில நிமிடங்கள். உள்ளிருக்கும் பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, கூடாரத் தரையின் மேற்பரப்பு, தரைக்கும் விரிப்புக்கும் இடைப்பட்ட பகுதி, விரிப்புக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி என்று மூன்று இடங்களையும் தனித்தனியே தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த அடுக்கில் நீர் இருக்கிறது, ஓரத்தில் இருக்கிறதா அல்லது நடுவில் இருக்கிறதா என்ற இரண்டு செய்திகள் போதும். கீழே சொல்லப்படும் காரணங்களில் எது பொருந்தும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். முளைகளைப் பிடுங்கி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிய பிறகு அந்தச் சான்று கிடைக்காது.

மழைக்குப் பிறகு தரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் நீர் இருக்கிறது

இதுவே மிகுதியாகக் காணப்படும் கோளாறு. தரையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அடியில் நீர் தளும்புவது தெரியும். வெளியே வந்து விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், விரிப்பின் கீழ்ப்புறத்தைவிட மேற்புறத்திலேயே நீர் அதிகமாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டியதில்லை: விரிப்பின் விளிம்பு கூடாரத் தரையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது.

கூடாரத்தின் மழைமறைப்பில் விழும் நீர் முழுவதும் அதன் கீழ் விளிம்பிலிருந்து சொட்டும். அங்கே மண் இருந்தால் நீர் இறங்கிவிடும். விரிப்பு இருந்தால் இறங்க வழியில்லை. விரிப்பு ஒரு விரற்கடை நீண்டிருந்தாலும் போதும், அது தாம்பாளம்போல நீரை ஏந்திக்கொள்ளும். ஏந்திய நீர் அங்கேயே நிற்பதும் இல்லை. நெருங்கிக் கிடக்கும் இரண்டு வழுவழுப்பான பரப்புகளுக்கு நடுவே நுண்புழை விசையால் அது மெல்ல உள்நோக்கி இழுக்கப்பட்டு, மேட்டிலிருந்தால்கூட நடுப்பகுதி வரை பரவும். பிறகு மேலே படுத்திருப்பவரின் எடை, தரையின் தையல் துளைகள் வழியாகவும் தேய்ந்த இடங்கள் வழியாகவும் அதை உள்ளே தள்ளுகிறது.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே இதைக் கவனித்தால், வெளியே தெரியும் ஓரங்களை எல்லாம் உள்நோக்கி மடித்துச் செருக வேண்டும். மடிப்பு மண்ணை நோக்கிக் கீழ்ப்புறமாக இருப்பது முக்கியம். மேற்புறமாக மடித்தால் அந்த மடிப்பே வாய்க்காலாகி, நீரை முன்பைவிட விரைவாக உள்ளே கொண்டுசெல்லும். நீர் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்றால், மழை சற்று ஓயும் நேரத்தில் உள்ளிருப்பவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள, விரிப்பை அடியிலிருந்து முழுவதுமாக உருவி எடுத்துவிடுவதே நல்லது. நீர் தேங்கிய விரிப்பின்மேல் படுப்பதைவிட, நேரடியாக ஈரமண்ணின்மேல் இருக்கும் நல்ல தரையில் படுப்பது எவ்வளவோ மேல்.

நிலையான தீர்வு, விரிப்பை வெட்டிச் சிறிதாக்குவதாகும். ஒவ்வொரு பக்கத்திலும் கூடாரத் தரையைவிட 5 முதல் 8 செ.மீ. வரை உள்ளடங்கியிருக்க வேண்டும். 210 × 130 செ.மீ. தரையுள்ள இருவர் கூடாரத்துக்கு 200 × 120 செ.மீ. விரிப்பு போதுமானது, காற்றும் சாரலும் மிகுந்த மலைமுகடுகளில் தங்குபவர்கள் இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். கடையில் 6 × 9 அடி என்று விற்கப்படும் தார்ப்பாய் ஏறத்தாழ 183 × 274 செ.மீ. இருக்கும், அதை இத்தகைய கூடாரத்துக்கு அப்படியே விரித்தால் நான்கு பக்கமும் வெளியே நிற்கும். ஒவ்வொரு முறையும் மடித்துச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இருட்டில், காற்றில், அவசரமாகக் கூடாரம் அடிக்கும் நாளில்தான் அந்த மடிப்பு கலையும். மழையும் பெரும்பாலும் அத்தகைய நாளிலேயே வரும். தார்ப்பாயை வெட்டத் தயங்க வேண்டாம்.

தலைப்பக்கம் அகன்றும் கால்பக்கம் குறுகியும் இருக்கும் கூடாரங்களுக்கு நீள அகலத்தை மட்டும் அளந்து வெட்டினால் கால்பக்கத்து மூலைகள் வெளியே வந்துவிடும். வீட்டு மொட்டைமாடியில் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் கூடாரத்தை அடித்து, தரையின் விளிம்பைப் பேனாவால் வரைந்துகொண்டு, கோட்டிலிருந்து உள்பக்கமாகத் தள்ளி வெட்டுவதுதான் பிழையில்லாத வழி. கூடவே, விரிப்பின் எந்தப் பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும், எந்த முனை தலைப்பக்கம் என்பதை அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும். ஒருநாள் சேறு பட்ட பக்கம் மறுநாள் கூடாரத் தரையைத் தொடுமானால், விரிப்பு போட்டதன் பயனே கெட்டுவிடுகிறது.

சரியாக வெட்டிய விரிப்பும் சில வேளைகளில் நள்ளிரவில் வெளியே எட்டிப்பார்க்கும். நைலான் துணி ஈரமானால் நீளும் என்பதே இதற்குக் காரணம். பாலியெஸ்டர் அந்த அளவுக்கு நீளாது. நைலான் விரிப்பு வைத்திருப்பவர்கள் மழையை எதிர்பார்க்கும் இரவில் அதை மூலைகளில் இழுத்துக் கட்டாமல், சற்று உள்ளே தள்ளி விரிப்பது நல்லது.

இன்னொன்று: செருப்பும் சமையல் சாமானும் வைக்கும் முன்திண்ணைப் பகுதிக்கும் சேர்த்து ஒரே விரிப்பை நீட்டிப் போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. வறண்ட நாளில் அது வசதிதான். மழை நாளில் அந்த நீட்சியே நீர் நுழையும் வாசலாகிறது. முன்திண்ணைக்குத் தனியாக ஒரு சிறு துண்டை, முதன்மை விரிப்பைத் தொடாதபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

விரிப்பு எங்கும் வெளியே தெரியவில்லை, ஆனாலும் ஓரம் நனைகிறது என்றால் மேலே பார்க்க வேண்டும். கயிறுகள் தளர்ந்து, மழைமறைப்பு உட்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், நீர் சுவர்வழியே இறங்கித் தரையின் தையலுக்கு வரும். அது விரிப்பின் குற்றம் அன்று. கயிறுகளை இறுக்கினால் தீரும்.

நடுவில் குளம்போல் நீர் சேர்ந்து, தரையே மிதக்கிறது

ஓரங்கள் ஏறத்தாழ உலர்ந்திருக்க நடுப்பகுதி மெத்தென்று அசைகிறது என்றால், கூடாரம் பள்ளத்தில் நிற்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கூடாரம் அடித்துத் தரும் மலை முகாம்களில் இது அடிக்கடி நிகழும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஆட்கள் படுத்து எழுவதால் அந்த மண் அழுந்தி, நடுவில் மெல்லிய குழிவும் உண்டாகி, நீர் உறிஞ்சும் தன்மையையும் இழந்துவிடுகிறது. பார்வைக்குச் சமதளமாகவும் சுத்தமாகவும் இருப்பதால் அந்த இடமே முதலில் தேர்ந்தெடுக்கப்படும். சற்றே புல் வளர்ந்த, ஒரு பக்கமாக இலேசாகச் சரிந்த, மண் இளகிய இடம் மழைக்கு அதைவிடப் பாதுகாப்பானது.

இங்கே எந்த விரிப்பும் உதவாது. நீர் மண்ணின்மேல் ஓடிவந்து விரிப்புக்கு அடியில் தேங்கினால், கூடாரத்தை இடம் மாற்றுவது ஒன்றே வழி. மேட்டுப்பக்கத்தில் விரிப்பின் விளிம்பு தெரிந்தால் ஓடிவரும் நீர் அதன் மேலேறிவிடும் என்பதால், அந்தப் பக்கத்தில் மட்டுமாவது விளிம்பை இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது, தைத்த தரை இல்லாத பழைய கித்தான் கூடாரங்களின் காலத்துப் பழக்கம். இன்றைய கூடாரத்துக்கு அது தேவையில்லை. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் அப்படிக் கீறப்பட்ட மண் அடுத்த மழையில் அரிக்கத் தொடங்கும். அந்தப் புல் மீண்டும் பிடிப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முழங்கால் ஊன்றும் இடத்தில் மட்டும் நீர் ஊறுகிறது

படுத்திருக்கும்போது உலர்ந்திருக்கும் தரை, எழுந்து முழங்காலிட்டவுடன் அந்த இடத்தில் மட்டும் ஈரமாகிறது என்பதைப் பலர் ஓட்டை என்று தவறாக எண்ணுகிறார்கள். இது அழுத்தத்தால் வரும் கசிவு. கூடாரத் தரையில் 3000 மி.மீ. என்று குறிக்கப்பட்டிருந்தால், 3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் வரை அந்தத் துணி கசியாது என்று பொருள். சந்தையில் கிடைக்கும் கூடாரங்களின் தரை பெரும்பாலும் 1500 முதல் 5000 மி.மீ. வரை தாங்கக்கூடியது.

இனி கணக்கைப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கும்போது அந்த எடை ஏறத்தாழ 5000 சதுர செ.மீ. பரப்பில் பரவுவதாகக் கொண்டால், ஒரு சதுர செ.மீட்டருக்கு 14 கிராம். அது 140 மி.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம். எந்தத் தரையும் தாங்கும். அவரே எழுந்து, தம் எடையில் பாதியை ஒரு முழங்காலில், 50 சதுர செ.மீ. பரப்பில் ஊன்றினால், அழுத்தம் ஒரு சதுர செ.மீட்டருக்கு 700 கிராமாக உயரும். அது 7000 மி.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம். புதிய தரையே தாங்காத அழுத்தம் அது. பூச்சு தேய்ந்த தரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், அடியில் நீர் இல்லாவிட்டால் கசிவதற்கு ஒன்றும் இல்லை. நல்ல விரிப்பு இங்கேதான் பயன்படுகிறது: மண்ணின் ஈரத்துக்கும் தரைக்கும் நடுவே அது உலர்ந்த ஓர் அடுக்காக நிற்கிறது. விரிப்பின் மேற்புறம் உலர்ந்திருந்தும் முழங்கால் நனைகிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே முதலில் விளிம்புகளைச் சரிபார்த்து, பிறகு உள்ளே முழங்காலிடும் இடத்தில் பாயையோ மடித்த போர்வையையோ போட்டு அழுத்தத்தைப் பரப்பிக்கொள்ள வேண்டும்.

விரிப்பு டைவெக் வகையாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுச் சுவர்களுக்குள் போர்த்துவதற்காகச் செய்யப்படும் அந்தத் தாள் போன்ற பொருள், நீராவியை வெளியேவிட்டு மழையைத் தடுப்பதற்கானது. எடை அழுத்தும்போது சேற்று நீரை மெல்ல மேலே கசியவிடும். ஈரமண்ணில் அதை முழு நீர்த்தடையாக நம்ப முடியாது.

தரையின் பூச்சு முற்றிலும் தேய்ந்துபோன பழைய கூடாரத்தை வைத்திருப்பவர்கள், மழைக்காலத்தில் ஒரு பாலித்தீன் தாளைக் கூடாரத்துக்கு உள்ளே விரித்துக்கொள்ளலாம். உள்ளே போடும் தாளுக்கு அளவு விதி தலைகீழாகிறது: தரையைவிடப் பெரிதாக இருந்து, ஓரங்கள் சுவரில் 10 செ.மீ. அளவுக்கு ஏறி நிற்க வேண்டும். கசிந்து வரும் நீர் அதற்கு அடியிலேயே தங்கிவிடும். ஆனால் இந்தத் தாள் தரையைக் கல்லிலிருந்து காக்காது என்பதால், கரடுமுரடான இடத்தில் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டும் தேவைப்படும்.

மழையே இல்லை; ஆனாலும் மெத்தைக்கு அடியில் ஈரம்

தெளிந்த வானமும் கடுங்குளிரும் உள்ள இரவில்தான் இது பெரும்பாலும் தென்படும். டிசம்பர், ஜனவரியில் உதகையிலோ கொடைக்கானலிலோ தங்குபவர்கள் காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தரை ஓட்டையாகிவிட்டது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். ஒரு மனிதரின் மூச்சிலும் தோலிலுமாக, அவர் அறியாமலேயே ஒரு நாளில் ஏறத்தாழ 800 மில்லி லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. எட்டு மணி நேர உறக்கத்தில் இருவரிடமிருந்து அரை லிட்டருக்கு மேல் வரும் என்று கணக்கு. கூடாரத்தை இறுக மூடியிருந்தால் அந்த ஆவி, உள்ளே எது மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் நீராகப் படியும். குளிர்ந்த மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் தரையும் அதில் ஒன்று.

உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. படுக்கும் முன் ஓர் உலர்ந்த செய்தித்தாளை விரிப்புக்கும் தரைக்கும் இடையிலும், இன்னொன்றை மெத்தைக்கு அடியில் தரையின் மேலும் வைக்க வேண்டும். காலையில் கீழே உள்ள தாள் உலர்ந்தும் மேலே உள்ள தாள் நனைந்தும் இருந்தால் ஈரம் உள்ளிருந்தே வந்தது. இரண்டும் நனைந்திருந்தால் கீழிருந்து வந்தது. அப்போது விளிம்பையும் துளைகளையும் பார்க்க வேண்டும்.

உள்ளிருந்து வந்த ஈரத்துக்கு விரிப்பை மாற்றிப் பயனில்லை. குளிரைப் பொருட்படுத்தாமல் மேல் சன்னல்களைத் திறந்துவைப்பது, நனைந்த துணிகளை உள்ளே தொங்கவிடாமலிருப்பது, மெத்தைக்கு அடியில் ஒரு நுரைப்பாயைப் போடுவது ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும். ஓடையின் கரையையும் பள்ளத்தாக்கின் அடியையும் விட்டுச் சற்று மேடான இடத்தில் கூடாரம் அடித்தாலே பாதி குறையும். குளிர்ந்த காற்று தாழ்ந்த இடத்தில்தான் வந்து தேங்குகிறது.

விரிப்பின் கீழ்ப்புறம், அதாவது மண்ணைத் தொடும் பக்கம், காலையில் நனைந்திருப்பது கோளாறே அன்று. மண்ணிலிருந்து எழும் ஆவி விரிப்பால் தடுக்கப்பட்டு அங்கே படிந்திருக்கிறது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

தரையில் துளைகளும் கீறல்களும் விழுகின்றன

முதலில் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இரவில் தரைக்கு அடியில் ஒருவர் டார்ச்சைப் பிடித்து நகர்த்த, மற்றொருவர் உள்ளிருந்து பார்த்தால், ஊசிமுனை அளவுத் துளையும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். அதைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். விரிப்பிலும் அதே இடத்தில் துளை இருந்தால், கீழிருந்து ஏதோ இரண்டையும் குத்தியிருக்கிறது. விரிப்பு முழுதாக இருந்து தரை மட்டும் கிழிந்திருந்தால் காரணம் உள்ளே இருக்கிறது: கட்டில் கால், கத்தி, பூட்ஸின் அடி, கீழே வைத்த அடுப்பு. மூன்றாவது வகை, துளையாக இல்லாமல் மங்கலான தேய்வாகத் தெரியும். விரிப்புக்கும் தரைக்கும் நடுவே மணல் சிக்கி, புரண்டு படுக்கும்போதெல்லாம் அரைத்திருக்கிறது. கடற்கரையில் தங்குபவர்களுக்கு இது மிகுதி. விரிப்பின் மேற்பக்கத்தைத் துடைத்துவிட்டே கூடாரத்தை வைக்க வேண்டும்.

கீழிருந்து வரும் குத்தலுக்கு மருந்து தடித்த விரிப்பு என்று எண்ணுவது இயல்பு. ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளை எந்தத் தார்ப்பாயும் தடுக்காது. காய்ந்த நெருஞ்சியும் மெல்லிய விரிப்பை எளிதாகத் துளைக்கும். அத்தகைய இடத்தில் விரிப்பதற்கு முன் தரையைக் கிளையால் கூட்டி, பிறகு குனிந்து ஒவ்வொரு சாணாகப் பார்த்துப் பொறுக்குவதுதான் பாதுகாப்பு. பகல் வெளிச்சம் இருக்கும்போதே முகாமை அடைய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எடையையும் பயணத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 200 × 120 செ.மீ. விரிப்பின் பரப்பு 2.4 சதுர மீட்டர். 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தார்ப்பாயில் வெட்டினால் அது ஏறத்தாழ 290 கிராம் இருக்கும், 250 ஜி.எஸ்.எம். என்றால் 600 கிராம். வண்டியில் செல்பவருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. முதுகில் சுமப்பவருக்கு அது ஒரு வேளை உணவின் எடை. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பழைய ஃப்ளெக்ஸ் பதாகைத் துணி பி.வி.சி. பூசப்பட்ட பாலியெஸ்டர், சிறு முள்ளையும் கல்லையும் நன்றாகத் தாங்கும், நீரும் புகாது. ஆனால் இதே அளவுக்கு 700 கிராமைத் தாண்டிவிடும், குளிரில் விறைத்துக்கொள்ளும். வாகனம் நிற்கும் இடத்திலேயே தங்கும் குடும்பங்களுக்கு அதைவிட மலிவும் உறுதியுமான விரிப்பு இல்லை என்று தயங்காமல் சொல்வேன். டைவெக் சதுர மீட்டருக்கு 60 கிராம் அளவில் இருப்பதால் மொத்தம் 150 கிராமுக்குள் முடியும். கிழிசலை நன்றாகத் தாங்கும். குளிர்நாடுகளில் சன்னல்களில் ஒட்டுவதற்காக விற்கப்படும் சுருங்கு படலத்தை விரிப்பாகப் பயன்படுத்தும் நெடுந்தூர நடையர்களும் உண்டு; அது 50 கிராம்கூட வராது, ஆனால் சிறு கீறல் விழுந்தால் அது நீண்டுகொண்டே போகும்.

கூடார நிறுவனமே தன் கூடாரத்துக்கென்று செய்து விற்கும் விரிப்பு அளவில் பிசகாது, மூலைகளில் கொக்கியும் இருக்கும். சில கூடாரங்களில் உட்கூட்டை விட்டுவிட்டு, கம்பிகள், மழைமறைப்பு, அந்த விரிப்பு ஆகியவற்றை மட்டும் கொண்டு நிழற்குடில்போல் அடிக்கவும் முடியும். அந்தப் பயன் வேண்டுமென்றால் அதன் விலைக்குப் பொருள் உண்டு. தரையைக் காப்பது மட்டுமே நோக்கம் என்றால் வெட்டிய தார்ப்பாய் அதே வேலையைச் செய்யும். புல்தரையில் ஆண்டுக்கு ஓரிரு இரவுகள் மட்டும் தங்குபவருக்கு விரிப்பே இல்லாவிட்டாலும் குறையில்லை.

துளையை அடைப்பதற்கு, தரை எந்தப் பூச்சு கொண்டது என்று தெரிந்திருக்க வேண்டும். தையல்களின்மேல் ஆலையிலேயே ஒட்டிய நாடா இருந்தால் அந்தப் பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. ஒட்டுநாடாவும் பாலியூரித்தேன் பசையும் அதில் பிடிக்கும். இருபுறமும் வழுக்கும் சிலிக்கான் துணியில் சிலிக்கான் பசை தவிர வேறெதுவும் நிலைக்காது. எதுவானாலும் அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின், துளையைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதான ஒட்டுத்துண்டை, மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும். கூர்மையான மூலைதான் முதலில் உரியத் தொடங்கும்.

விரிப்பு இருந்தும் கீழிருந்து குளிர் ஏறுகிறது

விரிப்பு குளிரைத் தடுக்கும் பொருள் அன்று. உடலின் வெப்பத்தை மண் உறிஞ்சுவதைத் தடுக்க அடைபட்ட காற்று வேண்டும். அதை மெத்தைதான் தரும். பளபளக்கும் அலுமினியத் தாளை விரிப்பாகப் போடுவதும் பயனற்றது. கதிர்வீச்சைத் திருப்பி அனுப்ப அதன் முன் காற்று இடைவெளி இருக்க வேண்டும். மண்ணோடும் தரையோடும் ஒட்டிக்கிடக்கும் தாளில் வெப்பம் தொடுதல்மூலம் கடந்துவிடும். உறைபனி விழும் இரவுகளுக்கு ஆர் மதிப்பு (வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனின் அளவு) 2-க்குக் குறையாத நுரைப்பாயோ, அதைவிடக் கூடிய காற்றுமெத்தையோ தேவை. வாங்கும்போது அந்த எண் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்னும் பொதுச் சோதனை முறைப்படி அளக்கப்பட்டதா என்று பார்த்துக்கொண்டால், வெவ்வேறு நிறுவனங்களின் மெத்தைகளை ஒப்பிட முடியும்.

வழுக்குகிறது, சலசலக்கிறது

சரிவான இடத்தில் மெத்தையோடு சேர்ந்து கால்பக்கம் நழுவினால், வழுக்கல் எந்த இரண்டு பரப்புகளுக்கு நடுவே என்று கவனிக்க வேண்டும். மெத்தை தரையின்மேல் வழுக்கினால் தரையின் உட்புறத்தில் சிலிக்கான் பசையைச் சிறு புள்ளிகளாக வைத்து ஒரு நாள் உலரவிட்டால் போதும். தரை விரிப்பின்மேல் வழுக்கினால் விரிப்பின் மூலைகளைக் கூடார முளைகளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். புதிய டைவெக் காகிதம்போல் சலசலத்து உறக்கத்தைக் கெடுக்கும். சோப்பு போடாமல் குளிர்ந்த நீரில், சலவை இயந்திரத்தின் மென்மையான சுழற்சியில் ஒன்றிரண்டு முறை அலசிக் கொடியில் உலர்த்தினால் துணிபோல் இளகிவிடும். சூடான நீரும் உலர்த்தும் இயந்திரமும் அதற்கு ஆகாது.

விரிப்பின் கீழ்ப்புறம் அரிக்கப்பட்டிருக்கிறது

சமவெளியிலும் மலையடிவாரத்திலும் ஒரே இடத்தில் பல நாள் கூடாரத்தை விட்டுவைத்தால் கறையான் அடியில் மண்கூட்டைக் கட்டிவிடும். சருகும் மட்கிய மரமும் அடியில் இருந்தால் விரைவாக வரும். விரிப்பதற்கு முன் சருகை விலக்குவதும், ஒன்றுவிட்டு ஒரு நாள் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும் போதும். உணவுத் துணுக்குகள் சிந்தியிருந்தால் எறும்பு தரையையும் கடித்துத் துளைக்கும்.

தரையும் விரிப்பும் பிசுபிசுக்கின்றன, புளித்த நாற்றம் வீசுகிறது

பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்லச் சிதைவதன் அறிகுறி இது. தொட்டால் கையில் ஒட்டும், மடிப்புகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், பிறகு பூச்சு செதில் செதிலாக உதிரும். நம் கடலோர நகரங்களில் ஈரமாகச் சுருட்டிய கூடாரத்தைப் பரணில் போட்டுவைத்தால், மலையில் பட்ட அடியைவிட வீட்டில் இருந்த மாதங்களே அதை அதிகம் கெடுக்கும். சிதைந்த பூச்சை மீட்க முடியாது. உதிரும் பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தேய்த்து நீக்கிவிட்டு, பாலியூரித்தேன் பசையை மெல்லியதாகப் பூசிப் பார்க்கலாம். தரை முழுவதும் போய்விட்டிருந்தால் அந்த உழைப்பு தகாது. விரிப்பு மட்டும் பிசுபிசுத்தால் தயங்காமல் தூக்கியெறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அது கூடாரத் தரையோடு ஒட்டிக்கொண்டு அதன் பூச்சையும் உரித்தெடுக்கும்.

பூஞ்சைப் புள்ளிகள் மட்டும் இருந்து பூச்சு உறுதியாக இருந்தால், இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துக் கழுவி, நிழலில் இருபுறமும் உலர்த்த வேண்டும். பயணத்திலிருந்து திரும்பிய அன்றே விரிப்பையும் கூடாரத்தையும் தனித்தனியே கொடியில் போட்டு, தையல்களும் நாடாக்களும் தொட்டால் உலர்ந்திருக்கின்றன என்று தெரிந்த பிறகே மடிக்க வேண்டும். இறுக்கமான உறையில் திணிக்காமல், பருத்திப் பையில் தளர்வாக, வீட்டின் குளிர்ந்த அறையில் வைப்பது நல்லது. விரிப்பைக் கூடாரத்தோடு சேர்த்துச் சுருட்டாமல் வேறொரு பையில் வைத்தால், மண்படிந்த அதன் கீழ்ப்புறம் கூடாரத் துணியைத் தொடாது.